இறுக்கிப் போட்ட கொண்டை

என் அண்ணி பேக்கரியில் மாவு பிசையும் பகுதிக்குப் பொறுப்பாளர். அங்கே அவருக்குப் பெயர் கொண்டையக்கா. அவர் கொண்டை போட்டால் புருவம் இரண்டும் கொஞ்சம் மேலே ஏறிவிடும். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா!" என்று வியப்பது போலவே முகம் இருக்கும். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை நம்பிக் கதையை நீட்டுவார்கள், நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

பேக்கரியில் எல்லோருக்கும் தொப்பி உண்டு. அண்ணிக்கு அதில் நம்பிக்கை இல்லை. மாவில் ஒரு முடி விழுந்தால் மானம் போச்சு என்பது அவர் கட்சி. ஈரத் தலையையே வாரி முறுக்கி, ரப்பர் பேண்டை இறுக்கி, மேலே வலை கட்டி, அதற்கப்புறம்தான் தொப்பி.

அப்படிப்பட்டவருக்கு நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி உதிர ஆரம்பித்தது. வலையைக் கழற்றினால் கையோடு வந்தது. "மாவுல விழுந்துட்டா என் வேலை அவ்ளோதான் தம்பி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அந்த வேலை அவருக்கு உயிர். லீவு போட்டு வீட்டில் இருந்தால் எங்களைப் பிசைந்துவிடுவார்.

அண்ணன் சும்மா இருப்பாரா? யாரோ சொன்னார்கள் என்று வெங்காயச் சாற்றைத் தேய்த்துவிட்டார். மறுநாள் பேக்கரியில் ஆளாளுக்கு வெங்காய பன் எங்கே என்று தேடியதுதான் மிச்சம். அண்ணி தன் வைத்தியத்துக்குத் திரும்பினார். வெளியே தெரிந்த வழுக்கையை மறைக்கப் பக்கத்து முடியை இழுத்துப் போட்டு, முன்னைவிட இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து இடமும் காலி.

ஏதாவது பெரிய வியாதியாக இருந்துவிடுமோ என்று அண்ணிக்கு உள்ளுக்குள் பயம். ஆஸ்பத்திரி என்றாலே பேச்சை மாற்றுவார். எனக்குக் கோபம் வந்து, ஒரு வழியாகத் தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு, "வேலைக்குப் போறப்ப எப்படிக் கட்டுவீங்களோ, அப்படியே கட்டிக் காட்டுங்க" என்றார்.

அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினார். பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் புருவமும் மேலே ஏறியது.

"எவ்ளோ நாளா இப்படி?"

"வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து."

"இழுத்து இழுத்தே வேரைப் பலவீனமாக்கிட்டீங்கம்மா."

"உதிரக் கூடாதுன்னுதானே இறுக்கினேன்..." அண்ணிக்கு அழுகை முட்டியது.

"காதுக்கு மேல வேர் இன்னும் உயிரோட இருக்கு. இறுக்கறதை விட்டுட்டா வளரும், தடவறதுக்கும் மருந்து தரேன். நெத்தி ஓரத்துல நாளாயிடுச்சு. அங்க திரும்ப வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"தளர்த்திக் கட்டினா மாவுல விழாதா?"

"அதுக்குத்தானே தொப்பி?"

ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதைக் கேட்டபோது அண்ணன் விட்ட பெருமூச்சு எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

இப்போது காதுக்கு மேல் பூனைமுடி கிளம்பியிருக்கிறது. அண்ணன் தினம் ஒரு முறையாவது தடவிப் பார்த்து, கையில் அடி வாங்குகிறார். நெற்றியோரம் காலிதான். அண்ணி அதை மறைப்பதை விட்டுவிட்டார். புருவம் கீழே இறங்கியதில், அவருக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரிகிறது. பேக்கரியில் அதுதான் ஒரே புகார்.

தளரப் பின்னல் போட்டுத் தொப்பிக்குள் மடித்துக்கொண்டு வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"என்ன அண்ணி, மாவுல முடி விழுந்துடுச்சா?"

"இல்ல தம்பி. தலை வலிக்கல."

"வலிக்கலன்னா நல்லதுதானே?"

"தினமும் வலிக்கும். அடுப்புச் சூடு, இந்த வேலைன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."