அம்மனிடம் கேட்காத வேண்டுதல்

வயதானவர்கள் நடக்கப் பழகுவதைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஏதாவது ஒரு பார்க்குக்குப் போங்கள். காசு கொடுத்துப் பார்க்கும் சினிமாவைவிட நன்றாக இருக்கும். பிறந்து ஒரு வருஷத்திலேயே நடக்கக் கற்றுக்கொண்டவர்கள், ஒரு பெண் விசில் ஊதினால் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நிற்பார்கள். அடுத்த விசிலுக்குப் பின்பக்கமாக நடப்பார்கள். ஷூ எல்லாம் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி மின்னும். கையில் கட்டிய வாட்ச் அவர்கள் வைக்கும் அடியை எண்ணிக்கொண்டே இருக்கும். அது அதிர்ந்து சபாஷ் சொன்னால்தான் வீட்டுக்குப் போவார்கள். பெண்டாட்டி ஒரு நாளும் சொல்லாத சபாஷ், பாவம்.

நான் டெலிவரி வண்டி ஓட்டுகிறவன். அந்த பார்க் வாசலில் ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் இவர்களைப் பார்த்துச் சிரித்தே போகும். போன வருஷம் அந்த வரிசையில் எங்கள் அப்பாவே போய் நின்றார். நான்தான் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினேன்.

அப்பா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போனவர். நாங்கள் இருக்கும் மர்பி டவுனில் கறிக்கடையே இல்லாத மாதிரி, அங்கே போனால்தான் அவருக்குக் கறி. திரும்பும்போது பஸ்ஸில் ஒரு கால் வைத்தார், மறுகால் ஏறுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. விழும்போதும் கறிப்பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்திருக்கிறார். கறிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து நடை போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சுவர் இல்லாத இடத்தில் என்னைப் பிடித்தார். நானும் இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்றார்.

எங்கள் வீடு முதல் மாடி. வெளியே இரும்புப் படி. அதில் இறங்குவதற்கு அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்: உட்கார்ந்தபடியே, படி படியாக, பின்புறத்தால் இறங்குவது. கீழே டீக்கடை. லேத் மெஷினை அடக்கி ஆண்ட மனுஷன், யூனியன் கொடி பிடித்தவர், சறுக்குமரத்தில் இறங்கும் பிள்ளை மாதிரி வருவதை டீக்கடையே அண்ணாந்து பார்க்கும். நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஒரு நாள் அக்கா வந்து இதைப் பார்த்துவிட்டாள். அவள் வீடு ஒயிட்ஃபீல்டும் தாண்டி ஒரு பெரிய அபார்ட்மெண்டில். லிஃப்ட் உண்டு. நடக்கத் தனியாக ஒரு பாதை உண்டு, அதில் நாய்கள் மட்டும் ஆட்களை இழுத்துக்கொண்டு நடக்கும். பக்கத்து வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்பது குப்பை வாளியைப் பார்த்தால்தான் தெரியும். அக்கா படியடியில் நின்றே தீர்ப்புச் சொன்னாள்.

"நைனா, இனிமே இது ஆவாது. ஆயுத பூஜைக்கு வர்றேன். அதுக்குள்ள இந்தப் படில மனுஷன் மாதிரி ஏறி எறங்குனா இங்க இரு. இல்லன்னா பொட்டி கட்டிக்கினு என்கூட வந்துரு. வீட்ட வாடகைக்கு உட்டுரலாம்."

"அப்ப நான்?" என்றேன்.

"நீயும் வாடகைக்குப் போ," என்றாள்.

முன்பு ஒருமுறை அவள் வீட்டில் தங்கப் போய், ஒரு வாரம் தாங்காமல் ஊறவைத்த அப்பளம் மாதிரி திரும்பி வந்தவர் அப்பா. அங்கே எல்லோரும் அவரை மரியாதையாக நடத்தியிருக்கிறார்கள். அவரால் அதைத்தான் தாங்க முடியவில்லை. காலையில் டீக்கடை பெஞ்சில் நாலு பேரைத் திட்டி, நாலு பேரிடம் திட்டு வாங்கினால்தான் அவருக்கு ரத்தம் ஓடும். அந்தப் பெஞ்சுக்கும் அவருக்கும் நடுவே இந்த இரும்புப் படி மட்டும் நின்றது.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மேடம் காலைத் தட்டிப் பார்த்தார். எலும்பு, நரம்பு எல்லாம் சரி, பயத்தில் நடக்காமல் இருந்து இருந்து பேலன்ஸ் போய்விட்டது, நடந்துதான் திரும்ப வாங்க வேண்டும் என்றார். படம் போட்ட ஒரு தாள் கொடுத்தார். முன்காலின் குதிகாலைப் பின்காலின் கட்டைவிரலில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது, பின்பக்கமாக நடப்பது, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் சுவரோ கம்பியோ கட்டாயம் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். பார்க்கில் விசில் ஊதும் பெண்ணும் அவரேதான். அங்கே இலவசம், வாருங்கள் என்றார்.

போனோம். புல்லில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தது. குடிகாரர்களைப் போலீஸ் இப்படித்தான் கோட்டில் நடக்கவிடும். குடிக்காமலேயே தள்ளாடுகிறவர்களை அன்றுதான் பார்த்தேன். அப்பா கோட்டில் குதிகாலை வைத்தார், கட்டைவிரலைத் தேடினார், கைகளைக் காக்கை மாதிரி விரித்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கன்னடத்தில் "நிதானா, நிதானா" என்றது. திரும்பிப் பார்த்தால் அப்பாவின் பழைய பேக்டரி ஆபீசர். லேத்தை விட்டுவிட்டு அப்பா பாத்ரூமுக்குப் போனால் வாட்ச் பார்த்து நிமிஷம் குறித்த மகான். இப்போது அதே கையில் அடி எண்ணும் வாட்ச். பேலன்ஸ் என்பது காலில் இல்லை, மனதில் இருக்கிறது என்று அப்பாவின் தோளில் தட்டி உபதேசம் வேறு. அந்தத் தட்டலில்தான் அப்பா கோட்டைவிட்டு வெளியே போய்ச் செடியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பார்க் என்ற வார்த்தையைச் சொன்னாலே முறைத்தார். வீட்டில் நடக்கலாமென்றால் கட்டில், பீரோ, கேஸ் சிலிண்டர் போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு பூனை திரும்பலாம். தெருவில் நடந்தால் என்னைப் போன்ற டெலிவரிக்காரனே ஏற்றிவிடுவான். ஆயுத பூஜையோ நெருங்கிக்கொண்டிருந்தது. நான் யோசித்துப் பார்த்ததில், எங்கள் பக்கத்தில் சமமான தரையும், வண்டி வராத வழியும், பிடிக்கக் கம்பியும் உள்ள இடம் ஒன்றுதான் இருந்தது. தெருக்கோடி அம்மன் கோவில். வரிசை நிற்கப் போட்ட இரும்புக் கம்பி கோவிலைச் சுற்றிலும் போகும்.

"கோவிலுக்கா? நானா?" என்றார் அப்பா. "உங்கம்மா கூப்ட்டே உள்ள போவாதவன்டா நானு."

உண்மைதான். அம்மா இருந்த காலத்தில் அவள் உள்ளே கும்பிட, இவர் வாசலில் கறுப்புச் சட்டையோடு செருப்புக்குக் காவல் நிற்பார்.

"கும்புட யாரு சொன்னா? தரை நல்லாக்கீது, கம்பி கீது. அம்மன் உன்ன ஒன்னும் கேக்காது நைனா. அது பாட்டுக்கு நிக்கும், நீ பாட்டுக்கு நட."

மறுநாள் காலையே போனார். வேறு வழியில்லை. கம்பியை ஒரு கையால் தொட்டபடி, குதிகாலில் கட்டைவிரலை ஒட்டி, ஒட்டி, கோவிலை ஒரு சுற்றுச் சுற்றினார். எனக்கும் அவருக்கும் தோன்றாதது, வாசலில் பூ விற்கும் அக்காவுக்கு ஒரு நொடியில் தோன்றிவிட்டது. அடிமேல் அடி ஒட்டி வைத்துக் கோவிலைச் சுற்றினால் அது அடிப்பிரதட்சிணம். பெரிய கஷ்டம் வந்தவர்கள் நேர்ந்துகொண்டு செய்வது. அப்படியானால் சாமியே இல்லை என்ற மனுஷன் என்ன நேர்ந்துகொண்டார்? அன்று சாயங்காலத்துக்குள் தெருவே விடை கண்டுபிடித்துவிட்டது. உதவாக்கரை மகனுக்குப் பெண் கிடைக்க வேண்டும்.

"பாவம் அந்த மனுஷன்," என்று என் காதில் விழும்படியே பூக்கார அக்கா சொன்னாள். "எந்தச் சாமியையும் மதிக்காதவரு. அவரையே இட்டாந்து கோவில்ல சுத்த வச்சிட்டான் பாரு இந்தத் தறுதல."

இல்லை, அது எக்சர்சைஸ் என்று சொல்லலாமென்றால், அம்மன் சன்னதி என்ன ஜிம்மா என்று கோவில் கமிட்டி விரட்டிவிடும். ஆமாம், வேண்டுதல்தான் என்று அப்பா சொன்னால் டீக்கடையில் அவர் மானம் போய்விடும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டார். எனக்கும் அப்படியே உத்தரவு போட்டார். என் மானம் போவதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

தாளில் இருந்த மற்றவையும் அங்கே தானாகவே நடந்தன. அம்மனுக்கு முதுகு காட்டக் கூடாது என்று சன்னதியிலிருந்து எல்லோரும் நாலு அடி பின்பக்கமாகத்தான் நகர்வார்கள். அப்பா கம்பியைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் கூடுதல் தூரம் நகர்ந்தார், பக்தி முற்றிவிட்டது என்றார்கள். நவகிரகத்துக்கும் சுவருக்கும் நடுவே பக்கவாட்டில்தான் நுழைய முடியும். நண்டு நடையும் ஆயிற்று. பெண்கள் அவருக்கு வழி விட்டார்கள். வெயில் ஏறினால் கல் சுடாமல் தண்ணீர் தெளித்தார்கள். பூசாரி பொங்கலை மந்தார இலையில் நிறைய வைத்துக் கொடுத்தார். ஆபீசரின் பார்க்கில் இதெல்லாம் கிடைக்குமா?

டீக்கடையில் விடுவார்களா. பழைய யூனியன் ஆள் ஒருவர் ஆரம்பித்தார்.

"என்ன தோழரே, அம்மன் யூனியன்ல சேந்துட்டியாமே?"

"ஆமா," என்றார் அப்பா. "அங்கியாவது மேனேஜ்மெண்ட் பேசாம கீது."

அப்படிப் பேசினார் என்றால் உடம்பு தேறுகிறது என்று அர்த்தம். வாரங்கள் போகப் போக, கம்பியைப் பிடித்த கை தொட்ட கை ஆனது, தொட்ட கை சும்மா பக்கத்தில் வரும் கை ஆனது. ஒரு நாள் நான் படியடியில் வண்டியை நிறுத்தும்போது, மேலேயிருந்து அப்பா ஒரு கையில் கம்பியும் மறுகையில் காலி டீ கிளாசுமாக, நின்றபடி இறங்கி வந்தார். கைதட்டலாமென்று கையைத் தூக்கினேன். அவர் பார்த்த பார்வையில் தலையைச் சொறிந்துகொண்டேன்.

ஆயுத பூஜை அன்று மத்தியானம் அக்கா காரில் வந்தாள். கையில் காலிப் பெட்டி. அப்பா கோவிலில் இருக்கிறார் என்றதும் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தாள். கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகும் முன்பே பூக்கார அக்கா அவளை மடக்கி, உங்கப்பா தினமும் வந்து அடிப்பிரதட்சிணம் செய்கிறார், இப்படி ஒரு வேண்டுதலை இந்தத் தெருவே பார்த்ததில்லை என்று கதையெல்லாம் சொல்லிவிட்டாள். அக்காவின் முகம் மாறிவிட்டது. அவள் அம்மாவைப் போல. கார் வாங்கினாலும் முதலில் எலுமிச்சம்பழத்தைத்தான் நசுக்குவாள். நேர்ந்துகொண்டதைப் பாதியில் நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவளுக்கு லிஃப்டைவிடப் பெரிய விஷயம்.

அப்பா ஒரு சுற்றை முடித்துக்கொண்டு எங்கள் எதிரே வந்து நின்றார். அக்கா பெட்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டு கேட்டாள்.

"எப்ப முடியும் நைனா, இந்த வேண்டுதல்?"

அப்பா அவளைப் பார்த்தார். அம்மன் பக்கம் பார்க்கவில்லை.

"காலு நிக்கிற வரைக்கும்," என்றார்.

அவர் சொன்னதில் ஒரு பொய்யும் கிடையாது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் அவளும் அவர் மகள்தானே, வேண்டுதல் சரி, படியைப் பார்க்கணும் என்றாள்.

வீட்டுக்கு நடந்தோம். ஆயுத பூஜை அன்று எங்கள் தெருவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் ஒரு பூசணிக்காய் உடைப்பார்கள். வழியெல்லாம் பூசணிச் சதை, குங்குமத் தண்ணீர், விதை. திருஷ்டி போகிறதோ இல்லையோ, பல பேருக்கு இடுப்பு போகும். அப்பா துண்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் ஒரு அடி, ஒட்டி ஒரு அடி என்று நவகிரகத்தைச் சுற்றுகிற மாதிரி போனார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். நான் அப்பாவின் நடையை அப்படியே அவளுக்கு நடித்துக் காட்டிக்கொண்டு போனேன். என் கால்தான் வழுக்கியது.

விழுந்த வேகத்தில் அப்பாவின் தோளைப் பிடித்துத் தொங்கினேன். என் எடை அத்தனையும் அவர்மேல். அவர் ஒரு காலைப் பின்னால் ஊன்றி அப்படியே நின்றார். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்தது, அவ்வளவுதான். நான்தான் சறுக்கிக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏந்துருடா," என்றார். "பூசணிக்கா மாதிரி ஒக்காந்துக்கினு."

படியில் அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மேலே போய்த் திரும்பி அதே மாதிரி இறங்கினார். கீழே பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் குடிக்காமல் பார்த்தார்கள். அக்கா காலிப் பெட்டியைத் திரும்பக் காரில் வைத்துவிட்டு, எங்களோடு சாப்பிட்டுவிட்டு, பொங்கலுக்கு வருகிறேன் என்று கிளம்பினாள்.

அப்பா இன்றைக்கும் கோவிலைச் சுற்றுகிறார். நின்றால் கால் திரும்பப் பயந்துவிடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார். நின்றால் தெய்வ குற்றம் என்று தெரு சொல்கிறது. காரணம் எதுவானால் என்ன, பெஞ்சில் அவர் இடம் அப்படியே இருக்கிறது. எனக்குத்தான் அந்த வழியாக வண்டி ஓட்ட முடியவில்லை. போன வெள்ளிக்கிழமைகூடப் பூக்கார அக்கா நிறுத்தி, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"ஒரு வருசமா சுத்துறாரு உங்கப்பா. இன்னும் ஒனக்கு ஒன்னும் அமையல," என்றாள். "அம்மனே தெகச்சிப் போச்சிடா ஒன்னப் பாத்து."