இரண்டு வீட்டுப் பத்திரிகையும் ஒரே விண்டோவில்

தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மந்திரமூர்த்தியின் டி.டி.பி. கடையில் டைப் அடிப்பவள் ஜெயசித்ரா. அவள் வேலைக்கு வருவதற்கு முன்பு மந்திரமூர்த்தி ஒவ்வொரு ஃபைலையும் தனித்தனி விண்டோவில் திறந்துவைத்து, எது எங்கே கிடக்கிறது என்று தெரியாமல் முழிப்பார். அப்படித்தான் குத்துக்கல்வலசையில் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் அடியில் 'மாலையில் இன்னிசைக் கச்சேரி நடைபெறும்' என்று வந்தது. செத்தவர் வீட்டார் சண்டைக்கு வரவில்லை. கச்சேரிக்கும் நாங்கதான் ஆள் பிடிக்கணுமா என்று மட்டும் கேட்டார்கள்.

ஜெயசித்ரா வந்தபின் எல்லாம் ஒரே விண்டோ. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் மேலே டேப் டேப்பாக, பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருக்கும். ஒரே ஒரு சிக்கல். கல்யாண வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது கருமாதி கண்ணில் படக்கூடாது. அதனால் துக்க ஃபைலுக்கெல்லாம் 'ரேஷன் 1', 'ரேஷன் 2' என்று பெயர் வைத்தாள். இவ்வளவு ரேஷன் வேலையா வருது என்று ஒருவர் வாயைப் பிளந்தார். இப்ப கொஞ்சம் கூடுதல்தான் என்றாள்.

இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியோடு பேச்சுவார்த்தை இல்லாதவர் அவளுடைய அப்பா சங்கிலிப்பாண்டி. வடகரைக்காரர், போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் குற்றாலீஸ்வரனை அவள் வீட்டுக்குத் தெரியாமல் கட்டிக்கொண்ட நாளோடு மகள் என்ற கணக்கையே முடித்துவிட்டார். அம்மா வள்ளித்தாய் ஃபோனில் பேசுவாள், அதுவும் அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து.

இந்தச் சாரல் சீசனில் அவள் தம்பி பாண்டிராஜுக்குப் பண்பொழியில் பெண் அமைந்தது. பெண் வீட்டார் தங்கள் பத்திரிகையை ஏற்கெனவே மந்திரமூர்த்தி கடையில் கொடுத்துவிட்டார்கள். முகூர்த்த நேரம் அதில் ஒன்று இதில் ஒன்று என்று ஆகிவிடாமல் இரண்டையும் ஒரே இடத்தில் அடித்துவிடலாமே என்றார் சம்பந்தி. அங்கே என் மகள் இருக்கிறாள், நான் அவளோடு பேசுவதில்லை என்று புதுச் சம்பந்தியிடம் சொல்ல எந்த அப்பனுக்கு வாய் வரும்? குடையை மடக்கிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தார்.

அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் பெரியப்பா, சித்தப்பா, பட்டாளத்து மச்சான் எல்லோரும் இருந்தார்கள். ஜெயசித்ரா இல்லை. அவள் ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் அடித்தாள். கூடப் பிறந்தவன் கல்யாணத்தில் தன் பெயரை விட்டுவிட்டுத் தானே டைப் அடிக்க வேண்டியிருக்கிறதே என்று நெஞ்சு எரிந்தது. விரல்கள் அதுபாட்டுக்கு ஓடின.

"வே மந்திரமூர்த்தி, ரெண்டு பத்திரிகையையும் ஒத்துப் பாக்கணும்னு அந்தப் பிள்ளைட்ட சொல்லும்" என்றார் சங்கிலிப்பாண்டி. அந்தப் பிள்ளை அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஏம்மா, ஒத்துப் பாக்கணுமாம்" என்றார் மந்திரமூர்த்தி, கடமை தவறாமல்.

அவள் திரையை இரண்டாகப் பிரித்தாள். இடப்பக்கம் மாப்பிள்ளை வீடு, வலப்பக்கம் பெண் வீடு. ஏட்டையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எஃப்.ஐ.ஆர். படிக்கிற மாதிரி விரல் வைத்துப் படித்தார். தேதி சரி, நேரம் சரி, மண்டபம் சரி. வலப்பக்கத்தின் அடியில் விரல் நின்றுவிட்டது.

'நாத்தனார் முடிச்சு: மணமகனின் அக்கா ஜெயசித்ரா - குற்றாலீஸ்வரன்.'

இதையெல்லாமா பத்திரிகையில் போடுவார்கள் என்று கேட்கக்கூடாது. பண்பொழிக்காரர் சமையல்காரர் பெயரையும் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்கு ஒரே அக்கா, தாலியில் முடிச்சுப் போட வேண்டியவள் அவள்தானே என்று எழுதிவிட்டார். குலம் கோத்திரம் எல்லாம் விசாரித்தவர், அப்பனும் மகளும் பேசுவதில்லை என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. ஜெயசித்ரா அந்த வரியை அடித்துவைத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் அழிக்கட்டும், நானாக அழிக்கமாட்டேன் என்று இருந்தாள்.

சங்கிலிப்பாண்டி இடப்பக்கத்தைப் பார்த்தார், வலப்பக்கத்தைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும்னு சொல்லும்வே" என்றார்.

"நான் போய் டீ சொல்லிட்டு வாரேன்" என்று மந்திரமூர்த்தி எழுந்து போய்விட்டார். கடை திறந்த நாளிலிருந்து அவர் டீ சொல்லப் போனதை யாரும் பார்த்ததில்லை.

இனி நடுவில் ஆள் கிடையாது. இரண்டும் ஒன்று போல ஆக வேண்டுமென்றால் வலப்பக்கத்து வரியை எடுக்கலாம், இல்லை அதையே இடப்பக்கமும் சேர்க்கலாம். ஜெயசித்ராவுக்குப் பயமாக இருந்தது. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"எதைப் பாத்து எதை மாத்தணும்?"

சங்கிலிப்பாண்டி கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த வரியையே இன்னொரு தடவை படித்தார்.

"ஏட்டி, வெறும் பேரா அடிச்சு வச்சிருக்கியே" என்றார். "ஒம் மாப்பிள்ளைக்கு இனிஷியல் என்ன?"