ஆயுத பூசையன்று கழுவிய பலகைகள்

அந்தமானில் எங்கள் லாங் ஐலண்ட் தீவில் ஆயுத பூசையன்று நான் கழுவியதைப் போல இனி யாரும் எதையும் கழுவப் போவதில்லை. அப்பா அதற்கென்றே ஒரு சட்டம் போட்டுவிட்டார். கழுவ வேண்டிய சாமான்களைப் பூசைக்கு முதல் நாளே அவர் கையால் எடுத்து வெளியே வைப்பார். அவர் எடுத்து வைக்காத எதன் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. எனக்குப் பத்தொன்பது வயதாகி, சங்கரன்கோவிலில் மாமா வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகிற இந்தக் காலத்திலும், பூசை நெருங்கினால் போன் செய்து, "மாமா கடையில எதையும் கழுவிராதளா" என்று சொல்லாமல் விடுவதில்லை.

அது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பில் என்னையும் சேர்த்து நான்கு பேர். தீவில் ஒரு காலத்தில் மரம் அறுக்கும் ஆலை இருந்தது. காட்டில் வெட்டிய படாக் மரங்களை அறுத்துக் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். மரம் வெட்டுவது நின்றதும் ஆலை நின்றது. ஆலை நின்றதும் ஆட்கள் கிளம்பினார்கள். மிஞ்சியவர்கள் மீன் பிடித்தோம், பாக்கு நட்டோம், படகு வரும் நாளில் ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் போய் இன்றைக்கு யார் கிளம்புகிறார்கள் என்று பார்த்தோம். மாதத்துக்கு ஒருவராவது கட்டிலைக் கவிழ்த்துப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்.

ஆலைக் காலத்தின் மிச்சமாகக் கரையோரம் ஒரு கிளப் நின்றது. நான்கு பக்கமும் படாக் பலகைச் சுவர், மேலே தகரக் கூரை. சனிக்கிழமை சினிமாவும் கேரம் போட்டியும் நடந்த இடமாம். என் காலத்தில் அங்கே ஆடுகள் குடியிருந்தன. யாருக்காவது கோழிக்கூட்டுக்குப் பலகை வேண்டுமென்றால் அங்கே போய் ஒன்றைப் பெயர்த்துக்கொள்வார்கள். அதைத் திருட்டு என்று யாரும் நினைத்ததில்லை. ஊரே போய்க்கொண்டிருக்கும்போது பலகையைக் கட்டிக் காத்து என்ன செய்ய?

அப்பா தச்சு மேஸ்திரி. அவர் ஒருவருக்குத்தான் அந்த ஆட்டுக் கொட்டகையைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. கிளப்பைச் செப்பனிட்டுத் தங்கும் விடுதியாக்கினால், சுற்றுலாவுக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போகிறவர்களில் பத்துப் பேர் இங்கேயும் இறங்குவார்கள், பத்துப் பேர் இறங்கினால் படகு தினமும் வரும், படகு வந்தால் போனவர்களும் வருவார்கள் என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மனு மேல் மனு எழுதி ஒருவழியாகச் சம்மதமும் வாங்கிவிட்டார். தீபாவளி முடிந்ததும் போர்ட் பிளேயரிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். கட்டடம் நிமிர்ந்து நின்றால் விடுதி, அடுத்து பழைய ஆஸ்பத்திரியையும் எடுத்துச் செய்யலாம். நிற்கவில்லையென்றால் மொத்தத்தையும் இடித்துத் தள்ளிவிடுவார்கள்.

அம்மாவும் தன் பங்குக்கு ஒரு ஒப்பந்தம் போட்டாள். "கட்டடம் நின்னா நாம இங்க இருக்கோம். நிக்கலன்னா சங்கரன்கோவில்ல அண்ணன் வீட்டு மாடிக்குப் போயிருதோம். அப்புறம் பேச்சு மாறக் கூடாது." அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். தோற்பது என்று ஒன்று உண்டு என்பதே அவர் நினைப்பில் கிடையாது. எனக்குத்தான் போகப் பிடிக்கவில்லை. மாமா ஊர் இருக்கிற மெயின்லாண்டை நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். அங்கே கடலே இல்லை.

கிளப்பின் தூண்கள் அடியில் உளுத்துப் போயிருந்தன. பலகைகளை எல்லாம் கழற்றி, தூண்களுக்குச் சிமெண்டில் பாதம் கட்டி, மறுபடி பலகைகளை ஏற்ற வேண்டும். அதில் ஒரு சிக்கல். அத்தனை வருஷம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த பலகைகள் அதனதன் இடத்துக்கு ஏற்றபடி வளைந்து போயிருந்தன. இடம் மாற்றி வைத்தால் வாய் கூடாது, இடுக்கு விழும். அதனால் கழற்றும் முன்பே அப்பா சாக்பீஸால் ஒவ்வொன்றின் மேலும் கிழக்கு ஒன்று, கிழக்கு இரண்டு என்று வரிசையாக எழுதினார். கழற்றியவற்றை அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார். மழையில் எழுத்து அழிந்துவிடுமாம். மழைக்கு அவ்வளவு பயந்தவர் பெற்ற மகளை யோசிக்கவில்லை.

ஆயுத பூசையன்று காலையில் அப்பா தகரம் வாங்க பக்கத்துத் தீவிலிருக்கும் ரங்கத் ஊருக்குப் படகேறினார். ஏறும்போது என்னிடம், "ஏளா, வேலைக்கு ஒத்தாச பண்ற எல்லாத்தையும் நல்லாக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சிரு. ஒண்ணு விடாத" என்றார்.

ஒன்றையும் விடவில்லை. ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் ஒன்பது மணிக்கே முடிந்துவிட்டன. ட்ரில் மெஷினைத் துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். அதன் பிறகுதான், அப்பாவின் வேலைக்கு எல்லாவற்றையும்விட ஒத்தாசை செய்வது பலகைதானே என்று தோன்றியது. அம்மா உள்ளே சுண்டலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான் சோப்புத்தூளும் தேங்காய் நாருமாகக் கிளப்புக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன்.

அந்த எண்கள் எதற்கு என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். கழுவிய பிறகு அப்பா மறுபடி எழுதிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழுதியதுதானே, அவருக்குத் தெரியாதா? நூற்றைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்துப் போயிற்று. வெயிலில் காயவைத்துப் பார்த்தபோது படாக் மரத்தின் சிவப்பு அப்படியே எழும்பி வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடு நெற்றி எதுவென்று பார்த்துப் பொட்டு வைத்தேன்.

மூன்று மணிக்கு அப்பா தகரத்தோடு வந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தார். ஒரு பலகையைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார்.

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமுந்தாம்ப்பா" என்றேன் பெருமையாக.

"நல்லாக் கழுவியிருக்கே" என்றார் அப்பா. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடித்திருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவர் எழுந்து, குறை வைக்காமல் பலகைகளுக்கும் சூடம் காட்டியபோதுதான் நான் செய்த காரியம் என்னவென்று எனக்கு விளங்கியது. விஷயம் கேட்டு வந்த அம்மா எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். "சரி, இனிமே ஆக வேண்டியதப் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாளே துணிமணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

மூன்று நாள் அப்பா பலகைகளோடு போராடினார். ஒன்றைத் தூக்கி வைப்பார், வாய் கூடாது, இறக்குவார், அடுத்ததைத் தூக்குவார். மூன்று நாளில் ஏழு பலகைதான் இடம் சேர்ந்தன. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் தகரக் கட்டின் மேல் உட்கார்ந்து, "ஜானே தோ மேஸ்திரி, நயா பிளைவுட் மார் தோ" என்று ஆலோசனை சொன்னார். பழசை விட்டுத் தொலை, புது பிளைவுட் அடித்துவிடு என்கிறார். அப்பா சிரித்தார். "மிலேகா பாய், மிலேகா" என்றார். எல்லாம் கிடைத்துவிடும் என்று அவர் சொன்னதை அங்கே நம்பியவர் அவர் ஒருவர்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டின் முன்னால் உட்காருவேன், பிசைவேன், எழுந்துவிடுவேன். அம்மா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் என் பாவாடையை மடித்துக்கொண்டிருந்தபோது நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"ஆபீசருங்க வந்ததும் நாந்தான் கெடுத்தேன்னு சொல்லிருதேம்மா. அப்பா நல்லாத்தான் வேலை பாத்தாங்க, அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கன்னு சொல்லிருதேன். இந்தில சொல்லணுமா, இங்கிலீசுல சொல்லணுமா?"

அம்மா மடித்த பாவாடையைப் பெட்டியில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவள் ஜெட்டிக்குப் போனாள். மாமாவோடு பேச வேண்டுமென்றால் ஜெட்டியின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும், அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மத்தியானம்தான் திரும்பினாள். வீட்டுக்கு வராமல் நேரே கிளப்புக்கு வந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"அந்த ரெட்டைக் கணு இருக்கிற பலகை அங்க இல்ல. கெழக்க ஜன்னலுக்குக் கீழ, மூணாவது."

அப்பா திரும்பிப் பார்த்தார். "நீ எப்பளா இங்க வந்து பாத்தே?"

"வச்சுத்தான் பாருங்களேன்."

வைத்தார். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்தது. அடுத்து, வெடிப்பு ஓடிய ஒன்றைக் காட்டி, அது வடக்குச் சுவரில் மேலிருந்து இரண்டாவது என்றாள். அதுவும் உட்கார்ந்தது. இப்படிப் பத்துப் பலகை சொல்லிவிட்டு, "உலை வச்சிருக்கேன், பாத்துட்டு வாரேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவாள். வந்ததும் அடுத்த பத்து. ஒரு நாளைக்கு ஐந்து முறை எந்த வீட்டில் உலை கொதிக்கும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்பா அவளைப் பார்த்த பார்வையைக் கல்யாண போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

செய்தி தீவைச் சுற்றி வந்தது. மேஸ்திரி பெண்சாதிக்கு மரத்தின் இடம் தெரிகிறதாம் என்று கூட்டம் கூடிவிட்டது. அம்மா ஒரு இடத்தைக் காட்டி, "இங்க பலகையே கெடையாது. முந்தியே யாரோ பேத்துக்கிட்டுப் போயிருக்காக" என்று சொல்லிவிட்டு, பொதுவாக எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். நாங்கள் மாசி என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் எழுந்து போனாள். திரும்பி வரும்போது தலையில் ஒரு பலகை இருந்தது. பின்னாலேயே வீடிழந்த கோழிகள் ஓடிவந்தன. "தீதி, யே ஹம் லேகே கயா தா" என்று, தான் எடுத்துப்போனதைத் தானே ஒப்புக்கொண்டாள். எடுத்துப் போனது யார் என்பதும் அம்மாவுக்குத் தெரிந்திருக்குமோ என்ற பயம் பரவி, இரண்டு நாளில் கட்டிலிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் பலகைகள் வரிசையாக வந்து சேர்ந்தன. கொண்டுவந்தவர்கள் சும்மா திரும்பிப் போக வெட்கப்பட்டு, ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். பிளைவுட் ஆலோசனை சொன்னவர்தான் கூரையில் ஏறித் தகரம் அடித்தார்.

தீபாவளி முடிந்து அதிகாரிகள் வந்தார்கள். சுவரைத் தள்ளிப் பார்த்தார்கள், தரையில் குதித்துப் பார்த்தார்கள், டீ மட்டும் போதும் என்றவர்கள் மீன் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கிளப் விடுதியாயிற்று. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி, அதற்கடுத்து ஸ்டோர் கட்டடம். அப்பா இப்போது நான்கு பேரை வைத்து வேலை வாங்குகிறார். நான் படித்த வகுப்பில் இன்று பதினோரு பிள்ளைகள். விருந்தாளிகளுக்கு மாசியின் கோழிகள் முட்டையிடுகின்றன, அம்மா குழம்பு வைக்கிறாள். காணாமல் போன ஆட்டைக் கேட்டுக்கூட அவளிடம் ஆள் வருவதுண்டு. "உலை வச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் மாமா புதுப் போன் வாங்கினார். பழையதில் இருப்பதை இதில் ஏற்றித் தா என்று இரண்டையும் என் கையில் கொடுத்தார். ஏற்றிக்கொண்டே வந்தபோது எங்கள் கிளப் சுவர்கள் வந்தன. நான்கு சுவர்களும் துண்டு துண்டாக, பலகைகள் இன்னும் கழற்றப்படாமல், ஒவ்வொன்றிலும் அப்பாவின் சாக்பீஸ் எழுத்தோடு. ஜூம் செய்தால் கணுவும் வெடிப்பும் துல்லியமாகத் தெரிந்தன. அவற்றோடு அம்மா பேசி அனுப்பியது ஒன்று. "பாருண்ணே, இந்த ஓட்டப் பலகைய நம்பித்தான் ஒம் மச்சான் குடும்பம் நடத்தப் போறாராம்."

அதற்குக் கீழே இன்னொன்று. அது ஆயுத பூசை முடிந்து நான்காம் நாள் வந்தது. அலைச் சத்தத்துக்கு நடுவில் அம்மாவின் குரல். "அண்ணே, நான் அனுப்புன சுவரு போட்டோவையெல்லாம் எனக்குத் திருப்பி அனுப்பு. எங்கிட்ட இருந்தத அழிச்சிட்டேன். புள்ள மூணு நாளா சோறு திங்கலண்ணே."

மாமா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "மாடிக்கு வெள்ளையடிச்சு, கொடிக்கயிறுகூடக் கட்டியாச்சு. பன்னெண்டு வருசம் கழிச்சு தங்கச்சி நம்மகூடவே இருக்க வாராளேன்னு இருந்தேன். போட்டோவக் கேட்டா, அனுப்பிட்டேன்" என்றார். ஒரு போட்டோ போய்ச் சேர அரை மணி நேரமாயிற்றாம்.

அவள் எப்போது அழித்தாள், எதற்கு அழித்தாள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை. மரத்தின் இடம் தெரிந்தவள் தன் மனைவி என்று விருந்தாளிகளிடம் அவர் சொல்லிக்கொண்டிருப்பதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

அந்த நான்காம் நாள், முதல் பத்துப் பலகையும் பொருந்தியதும், அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். சூரை மீன் குழம்பு. இரண்டு தட்டு சாப்பிட்டேன். "ஒனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று வாய் நிறையச் சோற்றோடு கேட்டேன். "தின்னுட்டுப் பேசு" என்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போகிற கப்பலை விட்டுவிட்டு அவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.