அப்பாவின் மவுத்பீஸ்

ஆகஸ்ட் மூன்று, ஞாயிறு, காலை ஆறு பத்து. காற்றே இல்லாத புழுக்கம். அப்பாவின் ட்ரம்பெட் மவுத்பீஸைப் புளி போட்டுத் தேய்த்தேன். விரலில் ஏறிய பித்தளை நாற்றம் ராயபுரத்தில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு இழுத்துப் போனது.

அப்பாவோடு சேர்த்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய இருபத்திரண்டு பேர் ஞாயிறுதோறும் சீருடை மாட்டி ரிசர்வ் படையின் பேண்டு ஆவார்கள். ட்ரம்பெட் சர்க்கார் சொத்து, பயிற்சி முடிந்ததும் ஸ்டோரில் பூட்டிவிடுவார்கள். வாயில் வைத்து ஊதும் விரல் நீளத் துண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்பதால், மற்ற ஆறு சாயங்காலமும் அப்பா அதை மட்டுமே ஊதிப் பழகுவார், அது வாத்து மாதிரி கத்தும்.

"இன்னா தோஸ்து, வாத்து முட்ட போட்சா?" என்பார் பக்கத்து வீட்டு காதர் பாய்.

"ஞாயித்துக்கெயம வா பாய், குயிலு கூவும்."

போர் வந்ததும் வாத்தியங்களைப் பூட்டிவிட்டு அவர்களை ஸ்ட்ரெச்சர் தூக்க அனுப்பினார்கள். பேண்டுக்காரர்களுக்குப் போரில் அதுதான் வேலை. பதினான்கு பேர் திரும்பினார்கள். அப்பா திரும்பவில்லை. பேண்டு மறுபடி கூடவும் இல்லை. மவுத்பீஸைக் கேட்டு ஸ்டோர் குமாஸ்தா வந்தபோது அதை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு, தொலைந்துவிட்டது என்றேன்.

இன்று ஊதிப் பார்த்தேன். பல்லில்லாத வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது, வாத்துச் சத்தம்கூட இல்லை. தொலைந்த பொருளுக்கென்று அப்பாவின் கடைசிச் சம்பளத்தில் அன்று பிடித்துக்கொண்டது ஏழு ரூபாய் ஐம்பது பைசா.