பால் பாக்கெட்டில் லேப் முடிச்சு

போன வருஷம் தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் நடந்தது இது. உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான் டெக்னீஷியன். ரத்தம் எடுப்பது, மிஷினில் போடுவது, ரிப்போர்ட் அடிப்பது, கடைசியில் மிச்சமாகும் ரத்தத்தையும் ஊசியையும் ஒழுங்காக வழியனுப்பி வைப்பது என எல்லாவற்றுக்கும் நானும் ஓனரும்தான்.

இந்தக் கடைசி வேலையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். ரத்தம் எடுத்த கையோடு ஊசியின் நுனியைக் கட்டரில் வெட்டிவிடுவேன். வெட்டிய நுனி, எதுவும் துளைக்க முடியாத கெட்டியான வெள்ளை டப்பாவுக்குப் போகும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு, பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு. சோதித்து முடித்த ரத்தத்தை ஆட்டோகிளேவ் என்கிற, நம் வீட்டுக் குக்கர் மாதிரியான கருவியில் ஆவியில் வேகவைத்துக் கிருமியைக் கொன்ற பிறகுதான் வெளியே விடுவேன். பை முக்கால் நிறைந்ததும் கழுத்தைத் திருகி, மடக்கி, அதன் மேல் இறுக்கி ஒரு முடிச்சு போட்டு, பார்கோடு ஒட்டி, நோட்டில் எழுதி, மருத்துவக் கழிவு எடுக்க வரும் வண்டியில் ஏற்றினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், "இந்த ஊர்ல இவ்வளவு சுத்தமான்னு ஆச்சரியமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை ஒரு வாரம் வீட்டில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் கணவருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அன்று காலை, வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வந்த கூட்டம் அப்போதுதான் குறைந்திருந்தது. பேரூராட்சியில் குப்பை எடுக்கும் அக்கா ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். லேப் இருக்கும் தெரு, எங்கள் வீட்டுத் தெரு உட்பட நாலைந்து தெருக்களுக்குப் பேட்டரி வண்டி கொண்டு வருபவர், முகம் பழக்கம்தான். ஒரு விரலில் துணி சுற்றியிருந்தது. இன்னொரு கையில் இருந்த பழைய டிபன் டப்பாவை மேசை மேல் வைத்துத் திறந்தார். உள்ளே ஒரு காலி பால் பாக்கெட். அதைத் துளைத்துக்கொண்டு மெல்லிய ஊசி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, படிச்சவங்கதான நீங்க? ஊசிய இப்டியா குப்பையில போட்டு வுடுவீங்க? பட்டாசுக் குப்பையக் கொட்டிப் பிரிச்சிக்கினு இருந்தேன், வெரல்ல ஏறிப் பூட்ச்சி."

உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் லேபைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா? இருந்தாலும் முதலில் அவர் விரலைக் குழாயடியில் காட்டி, சோப்பு போட்டு நன்றாகக் கழுவ வைத்தேன். அப்புறம் ஆரம்பித்தேன் என் பிரசங்கத்தை. கட்டரைக் காட்டினேன், வெள்ளை டப்பாவைக் காட்டினேன், நோட்டைப் பிரித்துத் தேதி தேதியாகக் காட்டினேன்.

"எங்க ஊசியில நுனியே இருக்காதுக்கா. நுனி இல்லாத ஊசி எப்படிக் குத்தும்? நீங்க கொண்டாந்தது இன்சுலின் ஊசி. சர்க்கரைக்காரங்க வீட்டுல போட்டுக்கிறது. இதுல நாங்க ரத்தமே எடுக்க மாட்டோம்."

ஓனருக்கும் உயிர் வந்தது. "எங்க மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சிடுச்சி இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிடுங்கம்மா" என்றார்.

அந்த அக்காவின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. அதற்குப் பின்னால் இருந்த பயம் அப்போதுதான் தெரிந்தது. 

"எங்கூட வேல செஞ்ச ஒருத்திக்கு இப்டிதான் குத்திச்சி. யாரு ஊசின்னு தெரியல. எய்ட்ஸு கிய்ட்ஸு வந்துடக் கூடாதுன்னு ஒரு மாசம் மாத்திர குடுத்தாங்க. ஒரே வாந்தி, தலசுத்தல், எழுந்து நிக்க முடில அவளால. அப்பறமும் ரத்தம் பாக்கணும் பாக்கணும்னு பயந்துக்கினே கெடந்தா. எம் பொண்ணுக்கு இந்த வாரம் பிரசவம். நான்தான் கூட இருந்து கொழந்தயத் தூக்கணும். இன்னா பண்ணப் போறேன்னு தெரியல."

பிறகு, தன்னை நான் தவறாக நினைத்துவிடுவேனோ என்பது போல, டப்பாவில் இருந்த பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். "உங்க மேல எனக்கு இன்னாம்மா விரோதம்? இந்த முடிச்சப் பாத்துதான் வந்தேன். உங்க பைய அந்த ஆஸ்பத்திரிக் குப்ப வண்டியில ஏத்தும்போது தெனிக்கும் பாக்கறேன். இந்த ஊர்ல வேற யாரு இப்டிக் கட்றாங்க?"

அப்போதுதான் பார்த்தேன். கழுத்தைத் திருகி, மடக்கி, இறுக்கிய முடிச்சு.

என் மாமனாருக்குச் சர்க்கரை. தினமும் காலையில் நான்தான் இன்சுலின் போட்டுவிடுவேன். போட்ட ஊசியை மூடி, காலி பால் பாக்கெட்டுக்குள் தள்ளிவைப்பேன். பத்து சேர்ந்ததும் கட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவேன். இத்தனை வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த முறை ஒன்றின் மூடி கழன்றிருக்கிறது. லேபில் ஒரு பஞ்சைக்கூடத் தப்பான பையில் போட விடாத நான், வீட்டில் ஊசியை வெங்காயத் தோலோடு சேர்த்து எறிந்திருக்கிறேன். மூளைக்கு உறைக்கவில்லை. கை மட்டும் பழக்கத்தில் லேப் முடிச்சைப் போட்டிருக்கிறது.

அக்கா டப்பாவை மூடிக்கொண்டு கிளம்பினார். நான் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தெருவுக்கு நாலு சர்க்கரைக்காரர்கள் இருக்கிறார்கள். ஓனர் என்ன சொல்வார், வீட்டில் என்ன சொல்வார்கள், இவ்வளவு நேரம் நான் பேசிய பேச்சு என்ன ஆகும் என்றெல்லாம் மனசு கணக்குப் போட்டது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தெரியும். ஊசி யாருடையது என்று தெரியாதவரைதான் அந்த மாத்திரையும் பயமும். ஆள் தெரிந்தால் அவர் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிடலாம்.

அவர் வாசற்படி இறங்கிவிட்டார்.

"அக்கா, நில்லுங்க. அது எங்க வீட்டு ஊசி. எங்க மாமாவுக்கு நான்தான் போட்டேன். அந்த முடிச்சும் நான் போட்டதுதான்."

ஓனர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அந்த அக்கா கத்துவார், கூட்டம் கூடும் என்று எதிர்பார்த்தேன். அவரோ திரும்பி வந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க மாமாவுக்கு வேற எதுனா நோவு கீதா?"

"சர்க்கரை மட்டும்தான்னு நினைக்கிறேன்க்கா. நான் நினைச்சாப் போதாது. டெஸ்ட் பண்ணிடலாம்."

மாமாவுக்குப் போன் போட்டேன். நெல் நாற்று விட்டிருந்த இடத்திலிருந்து, சேற்றுக் காலோடு மொபெட்டில் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னேன். தயங்குவார் என்று நினைத்தேன். "எனக்குப் போட்ட ஊசியால அவங்க எதுக்கு மாத்திர முழுங்கணும்? எவ்ளோ ரத்தம் வேணுமோ எடுத்துக்கச் சொல்லு" என்று எனக்கு முன்னால் வண்டியைத் திருப்பினார்.

மூவரும் அரசு மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, இருவருக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார். எத்தனையோ பேருக்கு "ரிப்போர்ட் வர நேரமாகும், உக்காருங்க" என்று அலட்டிக்கொள்ளாமல் சொல்லியிருக்கிறேன். அந்த மர பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. கடைசியில் டாக்டர் கூப்பிட்டார். மாமாவுக்குச் சர்க்கரையைத் தவிர வேறு எதுவும் இல்லை. மாத்திரை வேண்டாம், முன்னெச்சரிக்கையாக மஞ்சள் காமாலைத் தடுப்பூசி மட்டும் போட்டுக்கொண்டால் போதும், பேரனோ பேத்தியோ தாராளமாகத் தூக்கலாம் என்றார்.

அக்கா ஒரு பெரிய மூச்சு விட்டார். ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "இதுக்குதான் காத்துக்கினு இருந்தேன். இப்பக் கேட்டுக்கோ" என்று தொடங்கிப் பத்து நிமிஷம் திட்டினார். அத்தனையும் நியாயமான திட்டு. மாமா வேறு பக்கத்தில் நின்றுகொண்டு, "நல்லாக் கேளும்மா" என்று ஒத்து ஊதினார்.

ஓனர் அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே கழிவு வண்டிக்காரர்களிடம் பேசி, வீட்டு ஊசிகளையும் சேர்த்து எடுத்துப்போக ஒப்புதல் வாங்கினார். சர்க்கரைக்காரர்கள் இப்போது ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மூடியை இறுக்கி எங்களிடம் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் இன்சுலின் போடுகிறார்கள் என்று அந்த அக்காவுக்கு அத்துப்படி. பாட்டில் வராத வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி அவர் போடும் சத்தத்துக்கு எந்த அதிகாரியின் நோட்டீசும் ஈடாகாது.

ஒருநாள் குப்பை பிரிக்கும் இடத்துக்கு என்னை அழைத்துப்போனார். ஊசி கண்ணில் பட்டால் எப்படி எடுக்க வேண்டும், குத்திவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமாம். எல்லோர் முன்னாலும் என்னை இப்படி அறிமுகப்படுத்தினார். "எனக்குக் குத்தின ஊசி இவங்க வூட்டுதுதான். சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் கெளம்பிட்டேன், இவங்கதான் கூப்ட்டு நிறுத்திச் சொன்னாங்க."

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. பெருமைதான் ஒரு பிடி அதிகம். படிப்பிலும் வேலையிலும் நான் சரியாகச் செய்த காரியங்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் படியிறங்கிப் போனவரைக் கூப்பிட்டு நிறுத்திய அந்த ஒரு நிமிஷத்தை நினைக்கும்போதெல்லாம், எனக்கே என்னைக் கொஞ்சம் பிடித்துப்போகிறது.