அம்மா அசையாமல் உட்கார்ந்த மத்தியானம்

காலையில் வரலாறும் இலக்கியமும், சாப்பாட்டுக்கு மேல் ஓவியம். இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு எங்களுடையது. கடைசி வருடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு முகத்தை நேரில் பார்த்து வரைய வேண்டும். அந்தப் படத்தைப் பற்றி வகுப்பில் இன்னொருவர் கட்டுரை எழுத வேண்டும். என் படம் அம்மாதான் என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அம்மா உட்கார்ந்தால்தானே. பட்டாபிராமில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஸ்டூலைப் போட்டு, "அஞ்சு நிமிஷம்மா" என்று கெஞ்சுவேன். "அடுப்புல கொழம்பு கீதுடி" என்று எழுந்துவிடுவாள். மூக்குக்கு வருவதற்குள் முகம் திரும்பிவிடும். என் நோட்டு முழுக்க அம்மாவின் பாதி முகங்கள்தான்.

என் வகுப்புத் தோழி பூந்தமல்லிக்காரி. பெரிய ஃபிளாட், வரைவதற்கென்றே தனி அறை. அதைக்கூட மன்னித்திருப்பேன். அவளுடைய கை இருக்கிறதே, அதைத்தான் என்னால் தாங்க முடியாது. நான் அழித்து அழித்து வரைவதை அவள் அரட்டை அடித்துக்கொண்டே வரைந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, உங்கள வரையட்டுமா?"

"என் மூஞ்சில இன்னாம்மா கீது?" என்று சிரித்த அம்மா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். கீரை பாதியில் கிடந்தது. எனக்காக அஞ்சு நிமிஷம் உட்காராத அம்மா! சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, போனை நோண்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாடி உர்ருனு கீற?" என்றாள் அம்மா. நான் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

கடைசியில் நான் பக்கத்து வீட்டு அக்காவை வரைந்து கொடுத்தேன். வகுப்பில் மாட்டியபோது அதன் முன்னால் யாரும் நிற்கவில்லை. எல்லோரும் தோழி வரைந்த என் அம்மாவின் முன்னால்தான் நின்றார்கள். கட்டுரைக்குச் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்ததும் அந்தப் படம்தான். என் நேரம்.

குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். காது கொஞ்சம் பெரிசு, கழுத்தில் நிழல் அதிகம் என்று எழுதினேன். கண்ணுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அம்மா வரைகிறவளைப் பார்க்கவில்லை. பார்வை சற்றுத் தள்ளி, தாழ்வாக, யார் மேலோ இருந்தது. சாப்பிடாமல் தூங்கிப்போன குழந்தையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. வீட்டில் நான் ஒரு நாளும் அந்த முகத்தைக் கண்டதில்லை.

"அம்மா எங்க பாக்குறாங்க?" என்று தோழியிடம் கேட்டேன்.

"உன்னத்தான். நீ நிமிரவே இல்ல. அவங்க கண்ண எடுக்கவே இல்ல."

அம்மாவின் அந்தப் பார்வை எனக்கானது. அதைக் கண்டவள் தோழி. அந்தப் பொறாமை எனக்கு இன்னும் தீரவில்லை.