மாமாவின் வெள்ளை வேட்டியும் டைனமிக் ரேஞ்சும்

1. மீசை மட்டும் வந்த படம்

லெட்சுமி அக்கா ஆல்பத்தை என் மேசையில் போட்ட வேகத்தில் டீ கோப்பை கவிழ்ந்தது.

"எங்க அண்ணன் எங்க, தம்பி?"

கஹவத்தை பஸாரில் ஸ்டூடியோ வைத்து இத்தனை வருஷத்தில் கண் மூடிய படம், வாய் திறந்த படம் என்று எத்தனையோ முறைப்பாடு கேட்டிருக்கிறேன். ஆளையே காணோம் என்று யாரும் வந்ததில்லை.

அக்கா காட்டியது மூத்த மகளின் கல்யாணப் படம். மாப்பிள்ளையின் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குள் பெண் முதன்முதலாகக் காலெடுத்து வைக்கும் நேரம். எங்கள் தோட்டங்களில் அந்தப் படத்தை வீட்டுக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும். வாசற்படியில் ஜோடி, முன்னால் ஆலத்தித் தட்டு, பின்னால் தாய்மாமன். லயத்து அறையான காம்பராவுக்குள் பட்டப்பகலிலும் இருட்டு. வெளியே உச்சி வெயில். என் பழைய கேமரா பெண்ணின் முகத்தைப் பிடித்துக்கொண்டு வாசலைக் கைவிட்டுவிட்டது. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக நின்ற சின்னையா மாமா வெயிலோடு வெயிலாகப் போய்விட்டார். உற்றுப் பார்த்தால் ஒரு மீசை தெரியும்.

றக்வானையில் இருக்கும் மாமாவுக்கு இது போதாதா? "நான் வந்ததுக்கு சாட்சி எங்க? மீசையா சீர் தூக்கிட்டு வந்துச்சு?" என்று தங்கச்சியிடம் குதித்திருக்கிறார். "சின்னவ கல்யாணத்துக்கும் அந்த மீசையவே கூப்புட்டுக்கங்க."

சின்னவள் கல்யாணம் அடுத்த மாதம். தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் மணவறையில் பெண்ணை உட்கார வைக்க முடியாது. அக்கா என் முன்னாலேயே அழுதுவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"புது கேமரா வாங்கப் போறேங்க அக்கா. இந்த முறை அண்ணன் கட்டாயம் வருவாரு" என்றேன்.

"அப்ப அவரையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. கண்ணால பாத்தாத்தான் நம்புவாரு."

2. இரத்தினபுரியில் ஒரு பரீட்சை

மாமா அதே சட்டை, அதே வேட்டியில் பஸ் ஏறினார். வழி நெடுக ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

கடையில் என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு கேமரா இருந்தன. முதலாளி சிங்களவர். எங்கள் தமிழும் அவருக்கு வரும். "தெகம எகய் மாத்தயா. ரெண்டும் ஒண்ணுதான். இதுல மெகாபிக்சல் கூட" என்று ஒன்றைத் தள்ளினார்.

மெகாபிக்சலை வைத்து நான் என்ன செய்ய? காணாமல் போன மாமாவை இன்னும் பெரிதாகக் காணாமல் போகச் செய்யலாம். எனக்கு வேண்டியது டைனமிக் ரேஞ்ச். இருட்டிலும் விவரம், கொளுத்தும் வெள்ளையிலும் விவரம், இரண்டையும் ஒரே படத்தில் ஒரு கேமரா எவ்வளவுக்குப் பிடிக்கும் என்பதுதான் அது. ஸ்டொப் கணக்கில் சொல்வார்கள், ஒரு ஸ்டொப் கூடினால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டொப் கணக்கை நான் நம்புவதில்லை.

மாமாவை ரோட்டோர வெயிலில் நிறுத்தினேன். முதலாளியைக் கடையின் இருட்டு மூலையில் கறுப்புக் குடையோடு நிறுத்தினேன். இரண்டு கேமராவிலும் ஒரே லென்ஸ், வெளிச்சத்தை உணரும் ஐஎஸ்ஓ அளவும் ஒன்று, கேமரா திருத்தாத ரோ ஃபைல். மாமாவின் சட்டை வெளுத்து மறைந்து போகாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறைத்து எடுத்தேன். ரோட்டில் போனவர்கள் தேர்தல் போஸ்டருக்குப் படம் பிடிக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். மாமாவும் கும்பிட்டார். அதில் கோபம் பாதி இறங்கிவிட்டது.

லெப்டொப்பில் போட்டு ஷேடோவை ஏற்றி இருட்டுப் பகுதியை வெளிச்சமாக்கினேன். மெகாபிக்சல் கூடியதில் முதலாளியின் முகம் முழுக்க மிளகாய்த்தூள் தூவியது போல நொய்ஸ். மற்றதில் குடைக் கம்பி வரை தெளிவு. ஐஎஸ்ஓவைக் கூட்டி எடுத்தபோது இரண்டுமே ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. ஐஎஸ்ஓ ஏற ஏற ரேஞ்ச் குறையும், அதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

மாமா தன் சட்டை மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்.

"இதையே வாங்குங்க தம்பி. கல்யாணத்துக்கு வாறேன்னு தங்கச்சிகிட்ட சொல்லிருங்க."

3. சாட்சி

சொன்னபடி வந்தார், மாலையும் எடுத்துக் கொடுத்தார். அண்ணனும் தங்கச்சியும் கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்து என் கண்ணும் கலங்கியது. ஆலத்திப் படத்தில் பெண்ணும் தெளிவு, மாமாவும் தெளிவு. அவரே அதைப் பெரிய சைஸில் கேட்டார். "ஊரே பாக்கட்டும்" என்றார். பிரேம் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு நாளில் மாமாவிடமிருந்து போன் வந்தது. குரல் தாழ்ந்திருந்தது.

"தம்பி, அந்தப் பழைய கேமரா இன்னும் இருக்கா?"

கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்தேன். நான் முகங்களையே பார்த்திருந்தேன், இடுப்பைப் பார்க்கவில்லை. வெயில் ஊடுருவிய வெள்ளை வேட்டி மடிப்புக்குள் ஒரு கால் போத்தல் சாராயம். மூடியின் சிவப்பு கூடத் தெரிந்தது. குடியை விட்டுவிட்டதாக மனைவியிடம் அம்மன் மேல் சத்தியம் செய்திருந்தாராம்.

"அதுக்குப் பழைய கேமரா வேணாம் மாமா. இதுலயே வெள்ளையாக்கிரலாம்" என்றேன். ஹைலைட்டை ஏற்றி வேட்டியை வெளுக்க வைத்தேன், போத்தல் மறைந்தது. புதுப் பிரிண்ட்டை நானே கொண்டுபோனேன். வாசலில் மாமாவின் மனைவி, அத்தை, நின்றார். என் கையிலிருந்ததை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வேணாம் தம்பி. இவுங்கதானே வந்ததுக்கு சாட்சி கேட்டாங்க? அந்தப் படம் சுவத்துலயே இருக்கட்டும்."

உள்ளே மாமா சத்தமில்லாமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

கேமரா வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ரேஞ்ச் கூடியதை வாங்குங்கள். பிறகு, பிரிண்ட் போடுவதற்கு முன் வேட்டியையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.